பள்ளிக்கு வேண்டியது நம் நேரம்

(சங்கக் கூட்டத்தில் பேசியது)

பள்ளிக்கு உதவுங்கள் என்றால் உடனே பர்ஸைத் தேடுகிறோம். பள்ளிக்கு அதைவிட வேண்டியது நம் நேரம்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினரில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, மதிய உணவு எப்படி இருக்கிறது, யார் பள்ளிக்கு வரவில்லை என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

நானும் அப்படி ஒரு குழுவில் இருந்தேன். பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி எடுக்கும் சமயம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பத்து நாளாக வரவில்லை. நானும் இன்னொரு அம்மாவும் அவள் வீட்டுக்குப் போனோம். காட்டு வேலைக்குப் போகும் தாய்க்கு, மூன்று வயதுப் பையனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அவனை அங்கன்வாடியில் சேர்த்தோம். திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வந்துவிட்டாள். எங்களுக்கு ஆன செலவு ஷேர் ஆட்டோ காசுதான்.

உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் குழுவில் சேருங்கள். தனியார் பள்ளி என்றாலும், வாசிப்பு நேரத்தில் கதை சொல்ல வரட்டுமா என்று கேளுங்கள். இன்னொன்று: நம் வீட்டில் வேலை செய்யும் அக்காவும் குழுவில் இருக்கலாம். கூட்ட நாளில் சம்பளம் பிடிக்காமல் அவரை அனுப்பிவையுங்கள்.