பழைய காரும் பெற்றோலின் பாதையும்

ஹெந்தளையில் கடற்காற்று ஓயாது வீசும். அக்காற்றிலுள்ள உப்பும் ஈரமும் இரும்பை அரிப்பவை. அத்தகைய ஊரில் அறுபது ஆண்டுகளைக் கடந்த மொறிஸ் மைனர் கார் ஒன்றை ஓடும் நிலையில் வைத்திருப்பது எளிய செயலன்று. 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமாகி, பிரிட்டிஷ் கார்களுள் முதன்முதலாகப் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டியது இக்கார். இலங்கையில் பல குடும்பங்கள் அதனை இன்றும் பேணி வருகின்றன.

இத்தகைய கார் வழியில் நின்றுவிட்டால், பலர் முதலில் கார்புரேற்றரின் திருகைத்தான் திருப்புகின்றனர். கார்புரேற்றர் பெற்றோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கருவி. எடையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். பழுது வேறிடத்தில் இருக்க இவ்வளவை மாற்றினால், ஒரு பழுது இரண்டாகிவிடும். ஆகவே பெற்றோல் வரும் பாதையை முறையாக ஆராய்தலே அறிவுடைமை.

முதலில் காதுக்கு வேலை கொடுக்க வேண்டும். மைனரின் பெற்றோல் பம்பு மின்சாரத்தால் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் அது 'டிக் டிக்' என ஒலித்து, கார்புரேற்றரின் கிண்ணம் நிறைந்ததும் அடங்கும். ஒலியே எழாவிடின், மின்னிணைப்பையோ பம்பின் தொடுமுனைகளையோ ஐயுறலாம். எஞ்சின் ஓடாதபோதும் ஒலி ஓயாவிடின், தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது குழாயில் காற்றுப் புகுகிறது, அல்லது கிண்ணத்தின் ஊசியடைப்பான் மூடாமல் பெற்றோல் வழிகிறது.

சில மைல் ஓடியபின் கார் நிற்குமாயின், தாங்கியின் மூடியைத் தளர்த்திப் பார்க்கலாம். 'உஸ்' என்று காற்று உள்ளே புகுந்து, கார் மீண்டும் ஓடினால், மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. தாங்கியின் துருவே வடிகட்டியை அடைப்பதும் உண்டு. கடலோர ஊர்களில் இதனை மறத்தலாகாது. நண்பகல் வெயிலில், வாகன நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது கார் நின்றால், குழாயினுள் பெற்றோல் ஆவியாகியிருக்கலாம். சற்று நேரம் ஆறவிட்டால் அது தானே சீராகும்.

இவையனைத்தும் செவ்வையாக இருந்தால் மட்டுமே கார்புரேற்றரை நாட வேண்டும். அங்கும் எளியதே முதலில். அதனுள் மேலும் கீழும் அசையும் உந்தை உயர்த்தி விட்டால், அது தடையின்றி இறங்கி 'டக்' என அமர வேண்டும். அதன் மேற்குழலில் எண்ணெய் குறைந்தால், கார் வேகமெடுக்கையில் தயங்கும்.

இப்பணிகளுக்கு முன் பற்றரியின் இணைப்பைக் கழற்றுவதும், அருகில் நெருப்பின்றிப் பார்த்துக்கொள்வதும் இன்றியமையாதன. பெற்றோல் வாடை வீசும் காரை, 'பழைய கார் அப்படித்தான்' என்று விட்டுவிடலாகாது. காய்ந்து வெடித்த ரப்பர் குழாய் ஒன்று காரையும் அதிலிருப்போரையும் எரித்துவிடக்கூடும்.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாடு, ஒவ்வொரு லீற்றரின் அருமையையும் இந்நாட்டினருக்கு உணர்த்தியது. வழிந்து வீணாகும் பெற்றோலை நிறுத்த விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. தாங்கி, குழாய், பம்பு, கிண்ணம் என்னும் வரிசையைப் பொறுமையோடு பார்ப்பவர், திருகைத் தொடுமுன்னரே பெரும்பாலும் பழுதைக் கண்டுவிடுவர்.