அம்மாவின் பிறசர் எவ்வளவு?



திருகோணமலையில் எந்த வீட்டுக்குப் போனாலும், அப்பாவின் குளிசை எத்தனை மணிக்கு என்பது அம்மாவுக்குத் தெரியும். பேரப்பிள்ளையின் தடுப்பூசித் திகதி தெரியும். அம்மாவின் பிறசர் எவ்வளவு? அது அம்மாவுக்கே தெரியாது!

மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜன் இரத்தக் குழாய்களை இளக்கமாக வைத்திருக்கிறது. 50 வயதை ஒட்டி அது வற்றுகிறது. குழாய்கள் விறைக்கின்றன. உண்ட உப்பு முன்போல் வெளியேறுவதில்லை. இளமையில் ஆண்களைவிடக் குறைவாக இருந்த இரத்த அழுத்தம், அறுபதுகளில் அவர்களை எட்டிப் பிடிக்கிறது, தாண்டியும் போகிறது. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது பிறசர் வந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட.

தலையிடி, உடம்புக் கொதிப்பு, நித்திரையின்மை எல்லாவற்றுக்கும் ‘வயசுக் கோளாறு’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். பிறசரோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. பாரிசவாதம் வந்து விழுந்த பிறகு அளந்து என்ன பயன்?

பிறசரும் பார்க்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் நம் நாட்டில் 1996இல் தொடங்கின. 35, 45 வயதுப் பெண்களைக் குறிப்பாக அழைக்கிறார்கள். அழுத்தம் ஏறுவதோ அதற்குப் பிறகு! ஆகவே அழைப்புக்குக் காத்திராதீர்கள். மூதூரோ கிண்ணியாவோ குச்சவெளியோ, பக்கத்து அரச வைத்தியசாலையில் இலவசமாக அளப்பார்கள். ஓடிவந்த களைப்போடு கையை நீட்ட வேண்டாம். 5 நிமிடம் அமர்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் இருங்கள். வேறு வேறு நாளில் அளந்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நாங்கள் கருவாட்டு ஊர்க்காரர். உப்பில் ஊறிய கருவாட்டைக் குழம்பில் போட்டு, அதற்கும் உப்புப் போட்டு, பக்கத்தில் ஊறுகாயும் வைக்கிறோம்! நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, ஒரு மட்டத் தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவுங்கள். அடிக்கடி சமைப்பதைக் குறையுங்கள்.

“பிறசர் இறங்கிவிட்டதே, இனிக் குளிசை எதற்கு?” என்று கேட்கும் அக்காமாரே, இறக்கி வைத்திருப்பதே அந்தக் குளிசைதான். வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

தம்பிமாரே, அம்மா ‘எனக்கொன்றுமில்லை’ என்பார். நம்பாதீர்கள். அடுத்த கிளினிக் நாளில் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கூட்டிப்போங்கள். அன்றைய சமையல் உங்களுடையது.