மனையியலும் ஒரு சாஸ்திரமே

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் உழைத்து, திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் குடித்தனம் நடத்தும் சகோதரிகளுக்கு, பண்டத்தின் எடை, விலை, காலாவதித் தேதி ஆகியவற்றை ஆராய்ந்து வாங்கவும், குழந்தைக்கு உகந்த ஆகாரத்தை நிர்ணயிக்கவும், வரவுக்குள் செலவை அடக்கவும் போதிக்கின்ற மனையியல், எந்த உயர்ந்த வித்தைக்கும் இளைத்ததன்று. இதன் அருமையை உணர்ந்தே தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1957-இல் கோவையில் பெண்களுக்கென மனையியல் கல்லூரி நிறுவினார். அது 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. கீரையின் இரும்புச் சத்தை எலுமிச்சைச் சாறு உடலில் நன்கு கிரகிக்கச் செய்கிறது என்னும் ஒரு விஷயமே, சோகை பீடித்த குடும்பத்திற்கு எத்துணை பிரயோஜனம்! ஆதலால், பட்டப்படிப்புக்கு வசதியற்றோரையும் வரவேற்கும் சமுதாயக் கல்லூரிகள், இக்கல்வியை ஆலைப்பகுதிகளில் மாலை வகுப்பாக, ஆண்களுக்கும் சேர்த்தே அளித்தல் அவசியம்.