இடக்காலுக்கு ஒரு பாடம்

(மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தில்லியில் குடியேறிய நம்மவர் பலருடைய வாசலில் இன்று கார் நிற்கிறது. ஆயினும், அதை ஓட்ட வல்லவர் வீட்டுக்கு ஒருவரே என்னும் நிலை பல இல்லங்களில் இன்னும் மாறவில்லை. நள்ளிரவில் அந்த ஒருவருக்கே நெஞ்சுவலி கண்டால் என் செய்வது? சொந்த ஊரானால் சித்தப்பாவோ மைத்துனரோ அடுத்த தெருவில் இருப்பார். இங்கே நமக்கு நாமே உற்றார் அன்றோ? தானியங்கிக் கியர் வண்டிகள் வந்துவிட்டனவே என்பீர்கள். வந்தன, ஆனால் அவ்வேளையில் கைக்குக் கிடைப்பது அண்டை வீட்டாரின் வண்டியானால், அது எவ்வகையோ யார் அறிவார்? கியர் மாற்றி ஓட்டப் பழகியவர் இரண்டையும் ஓட்டுவார்.

இதில் கடினமானது கிளட்ச் ஒன்றே. நிற்கும் காரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 முறை சுழல்கிறது, சக்கரமோ அசையாதிருக்கிறது. இரண்டையும் சட்டெனப் பிணைத்தால், எஞ்சின் பளு தாங்காமல் உதறி நின்றுவிடும். இடையே உராய்ந்து, வழுக்கி, சிறிது சிறிதாகப் பற்றும் வட்டத் தகடே கிளட்ச். மிதியை அழுத்தினால் பிணைப்பு விடும், உயர்த்தினால் பற்றும். பற்றத் தொடங்கும் இடத்தில் எஞ்சினின் ஒலி சற்றே தாழும். வண்டி மெல்ல அதிரும். அவ்விடத்தை இடக்கால் அறிந்துவிட்டால் பாதிக் கல்வி முடிந்தது. ஆளில்லாச் சமதரையில் முதல் கியரிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் மெல்ல விட்டு வண்டியை நகர்த்துங்கள், நிறுத்துங்கள், மீண்டும் நகர்த்துங்கள். கியர் மாற்றுவதெல்லாம் பிறகு தானே வரும்.

மேம்பாலத்து ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போதுதான் பலருக்கும் வியர்க்கிறது. கைபிரேக்கை இழுத்து வையுங்கள். கிளட்ச் பற்றும் இடம்வரை காலை உயர்த்தி, ஆக்ஸிலரேட்டரைச் சற்றே அழுத்தி, முன்பக்கம் எழ முனைவது தெரிந்தபின் கைபிரேக்கை விடுங்கள், வண்டி பின்வாங்காது. பாதிக் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிற்பாரும் உளர். தகடு தேயும், கருகிய நாற்றமும் எழும்.

யார் கற்பிப்பது? கணவன்மார் பொறுத்தருள்க: பயிற்சிப் பள்ளி வண்டியில் ஆசிரியர் பக்கமும் பிரேக் உண்டு, வீட்டு வண்டியில் அவர் பக்கம் வாய் ஒன்றுதான் உண்டு. அதட்டலுக்கு அஞ்சி முதல் வாரத்திலேயே சாவியைத் திருப்பிக் கொடுத்த பெண்மணிகள் எத்தனை பேர்! முதல் பத்து நாளாவது பள்ளியில் பழகுவதே நன்று. பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். 30 நாள் கழிந்தபின் தேர்வுக்குப் போகலாம். அதுவரை உரிமம் உள்ள ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். வெண்பரப்பில் சிவந்த ‘எல்’ எழுத்தும் முன்னும் பின்னும் வேண்டும்.

இன்னும் ஒன்று. ஏற்றத்தை நோக்கி நிறுத்தினால் முதல் கியரிலும், இறக்கத்தை நோக்கி நிறுத்தினால் பின்செல்லும் கியரிலும் விட்டு, கைபிரேக்கையும் இழுத்துவிடுங்கள். மறுநாள் சாவியைத் திருப்புமுன், கிளட்சை முழுதும் மிதித்து, கியர்த் தண்டை நியூட்ரலுக்குக் கொணர மறவாதீர்கள்.