இரும்பை அறியும் சென்சார் – ஓர் அனுபவப் பாடம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்று சங்கத்தில் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மில்லும் மிஷினும்தான். எனவே, கட்டைவிரல் பருமனே உள்ள ஒரு சின்னப் பொருளைப் பற்றிப் பேசுகிறேன். அதுதான் இண்டக்டிவ் சென்சார்.

தாராபுரத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் இதைப் பார்க்கலாம். திருப்பூர் நிட்டிங் மிஷினில் சுற்றுகளை எண்ணுகிறது. நூற்பாலையில் ரோலர் வேகத்தைச் சொல்கிறது. நம் ஊர்க் காற்றாலைகளிலும் சுழலும் வேகத்தைக் கண்காணிக்கிறது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. முகப்பில் ஒரு கம்பிச் சுருள். அதிலிருந்து வேகமாக மாறும் காந்தப்புலம் வெளியே வரும். உலோகம் கிட்டே வந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அது சுருளின் சக்தியை உறிஞ்சிக்கொள்ளும். அலைவு தளர்ந்ததும் உள்ளே ஸ்விட்ச் மாறும். 1831-ல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இதற்கு அடிப்படை. 1958-ல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் பெப்பர்ல் அண்ட் ஃபுக்ஸ் நிறுவனத்தார் இதை ஸ்விட்சாக உருவாக்கினார்கள்.

நம் பகுதிக்கு இது ஏன் பொருத்தம்? பஞ்சுத் தூசி படிந்தால் ஒளி சென்சாரின் கண் மறைந்துவிடும். இதற்குப் பஞ்சும் தெரியாது, எண்ணெயும் தெரியாது. உலோகம் மட்டும்தான் தெரியும். அதுதான் இதன் பலம். அதுவே இதன் பலவீனமும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2014-ம் வருஷம். ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் வேலை. ராத்திரி ஷிப்டில் ஒரு டிராயிங் மிஷின் அடிக்கடி நின்றது. ரோலர் மேல் உள்ள மூடியைத் திறந்தால் மிஷின் நிற்க வேண்டும். அதற்காக மூடியில் ஓர் இரும்புத் தகடும் எதிரே சென்சாரும் இருக்கும். தகடு உடைந்திருந்தது. கையில் கிடைத்த அலுமினியத் தகட்டை வெட்டி மாட்டினேன். மிஷின் ஓடவே இல்லை.

காரணம் புத்தகத்திலேயே இருக்கிறது. 18 மி.மீ. சென்சாருக்கு 5 மி.மீ. தூரம் என்று போட்டிருந்தால், அது 1 மி.மீ. கனமுள்ள சதுர இரும்புத் தகட்டை வைத்து அளந்தது. உறுதியாக நம்பக்கூடியது அதில் 81 சதவீதம், அதாவது சுமார் 4 மி.மீ.தான். அலுமினியம் என்றால் ஏறக்குறைய 0.4-ஆல் பெருக்க வேண்டும், 2 மி.மீ. ஆகிவிடும். மூடியின் இடைவெளியோ 3 மி.மீ. இரும்புக்குச் சரி, அலுமினியத்துக்கு எட்டாது.

அந்த நேரத்தில் எனக்குக் கணக்கு ஓடவில்லை. "சார், புரொடக்ஷன் போகுதுங்க" என்று மேஸ்திரி நிற்கிறார். ஓர் இரும்பு வாஷரை எடுத்துச் சென்சார் முகத்தில் வைத்து டேப் சுற்றிவிட்டேன். மிஷின் ஓடியது. காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

காலை ஷிப்டுக்கு வந்த அக்கா, ரோலரில் சுற்றிக்கொண்ட பஞ்சை எடுக்க இடது கையால் மூடியைத் தூக்கினார். வலது கை வழக்கம்போல் உள்ளே போனது. மிஷின் நிற்கவில்லை. இரண்டு விரல் நுனிகள் போயின.

"மூடியத் தூக்குனா நின்னுக்கும்னு நம்பித்தானுங்க தம்பி கைய உட்டேன்" என்றார் ஆஸ்பத்திரியில்.

"சென்சார் ரிப்பேருன்னு எழுதிடலாம்" என்று சிலர் யோசனை சொன்னார்கள். சென்சாரில் ஒரு குறையும் இல்லை. இரும்பு இருந்தது, இருக்கிறது என்றது. மூடி திறந்திருப்பதை அது எப்படி அறியும்? வாஷரை வைத்தது நான்தான் என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போகவில்லை. போயிருந்தாலும் அந்த விரல்களுக்கு ஈடாகாது.

தம்பி தங்கைகளே, மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று, எந்த உலோகம், எவ்வளவு இடைவெளி என்று பார்க்காமல் சென்சாரை மாட்டாதீர்கள். இரண்டு, எண்ணுவதற்குச் சாதா சென்சார் போதும். ஆள் கைவைக்கும் இடத்துக்குத் தனக்கென உள்ள கோட் பொருந்தினால் மட்டுமே இயங்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் வேண்டும். இதை எளிதில் ஏமாற்ற முடியாதபடி அமைப்பது பற்றி ஐ.எஸ்.ஓ. 14119 தரநிலை விரிவாகச் சொல்கிறது. எந்திரத்துக்குக் காப்பு வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 21-ம் பிரிவிலேயே சொன்னது. மூன்று, தற்காலிகமாக எதையாவது செய்ய நேர்ந்தால் மிஷினை நிறுத்தி, போர்டு மாட்டி, அடுத்த ஷிப்டுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். பாதுகாப்பில் மட்டும் தற்காலிகம் என்பதே வேண்டாம்.

அந்த அக்கா இப்போதும் மில்லுக்கு வருகிறார். பார்த்தால் "சௌக்கியமா தம்பி" என்று அவர்தான் முதலில் கேட்பார். நீங்கள் கட்டும் ஒவ்வொரு ஒயரையும் யாரோ ஒருவர் நம்பிக் கை வைக்கப்போகிறார் என்பதை மறக்காதீர்கள்.