மாலை நேர வேலையும் நியாயமான கூலியும்

(நமது சங்கத்தின் மாரண்டஹள்ளி மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

   

பகலில் கல்லூரிக்கோ வேறு வேலைக்கோ சென்று, மாலையில் இரண்டொரு மணி உழைத்துக் குடும்பத்திற்கு உதவ விரும்பும் பிள்ளைகள் நம்மவரில் அநேகர் இருக்கின்றனர். அவர்களுக்கு நல்ல கூலியுடன் வேலை கிடைப்பது எவ்வாறு என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம். இதைப் பற்றிப் பேசுங்கால் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, கடை வைத்திருக்கும் பெரியோர்களுக்கும் சில வார்த்தைகள் சொல்லவேண்டியிருக்கிறது. அவர்கள் மனம் வருந்தாமல் கேட்கும்படி பிரார்த்திக்கிறேன்.

முதலாவது, குறைந்தபட்சக் கூலி என்பது யாது? ஒருவன் உழைப்பிற்கு இதற்குக் கீழே கொடுக்கலாகாது என்று சர்க்கார் வரையறுக்கும் எல்லையே அது. இங்கிலாந்தில் 1909-ஆம் ஆண்டில் இவ்வெல்லையை ஏற்படுத்தியபோது, முதன்முதல் எடுத்துக்கொண்ட நான்கு தொழில்களில் ஆயத்த உடை தைத்தலும், காகிதப் பெட்டி செய்தலும் சேர்ந்திருந்தன. அவை வீட்டிலிருந்தபடியே ஏழைப் பெண்கள் அற்பக் கூலிக்குச் செய்துவந்த தொழில்கள். நமது தேசத்தில் 1948-ஆம் ஆண்டில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது. அதனிடத்தில் இப்பொழுது, 2019-இல் பார்லிமெண்டில் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு நிற்கிறது. கூலியை மணிக்கோ, நாளுக்கோ, மாதத்திற்கோ நிர்ணயிக்கலாம் என்று இச்சட்டம் கூறுகின்றது. எனவே, மாலையில் நான்கு மணி மட்டும் வேலை செய்கிறவன் இந்த எல்லைக்குப் புறம்பானவன் என்று எண்ணுவது தவறு.

இதைக் கணக்கிடும் வழி எளிது. உதாரணமாக, ஒரு தொழிலுக்கு அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து மாதம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை 26-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய். அதை 8-ஆல் வகுத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. மாலை 6 முதல் 10 வரை 26 நாள் உழைத்தால் 104 மணி. கூலி 6,500 ரூபாய். அதே வேலைக்கு ஒருவர் மாதம் 3,000 ரூபாய் தருவாரானால் மணிக்கு 29 ரூபாய்கூட விழவில்லை. மாதச் சம்பளமாகக் கேட்கும்போது பெரிதாகத் தோன்றும் தொகை, மணிக்கணக்கில் பார்க்கும்போது சுருங்கிவிடுகிறதல்லவா? ஆதலின், வேலைக்குச் சேருமுன் தொழிலாளர் துறை அலுவலகத்தில் அந்தத் தொழிலுக்குரிய விகிதத்தைக் கேட்டறிந்து, இவ்விதம் வகுத்துப் பார்ப்பது ஒவ்வொருவர் கடமையாகும். போக்குவரத்துச் செலவையும் கழித்துப் பார்க்கவேண்டும். ஓசூர்த் தொழிற்சாலைகளில் கூலி உயர்வாயிருக்கலாம். ஆனால் இங்கிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ சென்று மீளும் பொழுதையும் செலவையும் கணக்கிட்டால், மாரண்டஹள்ளியிலேயே கிடைக்கும் சற்றுக் குறைந்த கூலி மேலாகவும் கூடும்.

இனி, எல்லைக்கு மேற்பட்ட கூலி எந்த வேலையில் கிடைக்கும்? யாவரும் செய்யக்கூடிய வேலைக்குக் கூலி எல்லையைத் தாண்டுவது அரிது. கற்ற வித்தை ஒன்று சேர்ந்தால்தான் தாண்டும். 2017 ஜூலை முதல் தேதி சரக்கு சேவை வரி வந்தபின், மாதந்தோறும் கணக்கனுப்பும் வியாபாரி 11-ஆம் தேதிக்குள் ஒன்றும், 20-ஆம் தேதிக்குள் மற்றொன்றுமாக விவரம் தாக்கல் செய்யவேண்டியவராயிருக்கிறார். ஒரு கடைக்கு முழுநேரக் கணக்கப்பிள்ளை வைக்க வருமானம் போதாது. ஆனால் கணக்குக் கற்ற ஒருவர் மாலை வேளைகளில் நான்கு கடைகளுக்கு எழுதலாம். கடைக்காரருக்கும் சிக்கனம், எழுதுபவருக்கும் லாபம். தட்டெழுத்துப் பரீட்சை தேறியவர்கள், குழந்தைகளுக்குப் பாடம் சொல்லக்கூடியவர்கள், ரவிக்கை தைக்கத் தெரிந்த பெண்கள் ஆகியோருக்கும் இவ்வாறே.

துண்டுக் கூலிக்குத் தைப்பவர்களும், பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளிப் பெட்டிக்கு இவ்வளவு என்று ஏற்றுபவர்களும் ஒன்று கவனிக்கவேண்டும். ஒரு மணியில் எத்தனை முடிகிறது என்று எண்ணிப் பார்த்து, மணிக்கூலி எவ்வளவு என்று அறியுங்கள்.

தொண்டு வேறு, கூலி வேலை வேறு என்பதையும் மறத்தலாகாது. 2021-இல் நமது மாகாண சர்க்கார் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், மாலையில் ஒன்றரை மணிவரை பாடம் சொன்ன தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை அளிக்கப்பட்டது. அது தொண்டென்று சொல்லியே அழைத்தது. நம் பெண்கள் அறிந்தே சென்றனர். ஆனால் லாபத்திற்கு நடக்கும் கடையில் தொண்டின் பெயரால் வேலை வாங்குவது தர்மமாகாது.

இங்கே என் சொந்த அநுபவம் ஒன்றைச் சொல்லுகிறேன். வாலிபத்தில் நான் வேறோர் ஊரில் உறவினர் ஒருவர் கடையில் மாலைதோறும் கணக்கெழுதினேன். "மாமா, எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்க எனக்கு நா எழவில்லை. "நம்ம பிள்ளைதானே, பார்த்துச் செய்கிறேன்" என்றார் அவர். மூன்று மாதம் கழித்து ஒரு வேட்டியும் இரவுச் சாப்பாடும் கிடைத்தன. பரீட்சைப் பணம் கட்ட வழியின்றி அவ்வருஷம் எழுதாமல் விட்டேன். அவர் கெட்டவரல்லர். எனக்கு அவர் இழைத்த தீங்கு அவருக்கே தெரியாது. உறவு என்னும் திரை அதை மறைத்துவிட்டது.

கடைக்காரச் சகோதரர்களே! நம்ம பையன் என்ற சொல் அன்பிற்கு இருக்கட்டும். கூலியைக் குறைப்பதற்கு வேண்டாம். 1982-ஆம் ஆண்டில், டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டிட வேலையாட்களைப் பற்றிய வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக வேலை வாங்குவது அரசியல் சட்டம் விலக்கிய கட்டாய உழைப்பேயாகும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வறுமையினால் சம்மதித்தவன் சம்மதம் சம்மதமாகாது என்பதே அதன் கருத்து. இப்போதைய சட்டப்படி, கூலி பாக்கியை மூன்று ஆண்டுகளுக்குள் கேட்கலாம்; கொடுத்துவிட்டதாக ருசுப்பிக்கும் பொறுப்பும் முதலாளியைச் சார்ந்தது. மேலும், 18 வயது நிறையாதவர்களை இரவு 7 மணி முதல் காலை 8 மணிவரை வேலை வாங்கலாகாதென்று இளஞ்சிறார் உழைப்புச் சட்டம் தடுக்கிறது.

வாலிபர்களே! உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. கைப்பேசியில் படம் பார்த்து விருப்பம் தெரிவித்தால் தினம் ஆயிரம் என்று வரும் பகுதி நேர வேலைச் செய்திகளை நம்பாதீர்கள். முதலில் சிறு தொகை தந்து ஆசை காட்டிப் பின்னர் ஆயிரக்கணக்கில் கட்டச்சொல்வதே அவர்கள் வழக்கம். வேலை கொடுப்பவன் உன்னிடம் பணம் கேட்டால் அது வேலையன்று. ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்காமல், உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும்.

முடிவாக ஒரு யோசனை. நமது சங்கத்தில் ஒரு குறிப்புப் புத்தகம் வைப்போம். அதில் ஆள் வேண்டியவர் வேலையையும், மணியையும், மணிக்கூலியையும் எழுதட்டும். கூலியை எழுதாத வேலையைச் சங்கம் எவருக்கும் சிபாரிசு செய்யாதிருக்கட்டும். முதற் பக்கத்தில் என் கடையின் பெயரை, நான் கொடுக்கும் கூலியுடன் இன்றே எழுதுகிறேன். அடுத்த பக்கங்களை நிரப்பும் பெருமை உங்களுடையது.