அடைக்கோழியா? அவதிப்படும் கோழியா?



பிள்ளைகள் செல்லமாக வளர்க்கும் கோழி பெட்டியை விட்டு எழவில்லை. "அடைக்கு உட்கார்ந்துவிட்டது, தொந்தரவு செய்யாதீர்கள்" என்கிறார் வீட்டுப் பெரியவர். இரண்டு நாளில் கோழி இறந்து கிடக்கிறது. உண்மையில் அதன் வயிற்றில் முட்டை சிக்கியிருக்கலாம்.

இரண்டையும் எப்படி வேறுபடுத்துவது?

அடைக்கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு சத்தமிடும். கையை நீட்டினால் கொத்த வரும். நாளுக்கு ஒன்றிரண்டு முறை எழுந்து இரை தின்று, பெரிதாக எச்சமிட்டுத் திரும்பும். முட்டை சிக்கிய கோழியோ கண்மூடிச் சோர்ந்திருக்கும். வாலைத் தாழ்த்தி, பெங்குவின் போல நிமிர்ந்து நின்று முக்கிக்கொண்டே இருக்கும். இரை எடுக்காது.

காரணம் என்ன? ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் பிடிக்கிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓட்டுக்கே போகிறது. ஓர் ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. அது குறைந்தால் ஓடு மென்மையாகும். முட்டையைத் தள்ளும் தசையும் வலுவிழக்கும். மிஞ்சிய சோற்றையும் ரொட்டியையும் மட்டுமே தின்னும் கோழிக்கு ஆபத்து அதிகம். முட்டைக்கோழித் தீவனமும், தனிக் கிண்ணத்தில் சிப்பித் தூளும் வைப்பது நல்லது. அதிகக் கொழுப்பும் ஆகாது.

முட்டை சிக்கியதாகத் தெரிந்தால், கோழியின் அடிப்பாகத்தை வெதுவெதுப்பான நீரில் 15 முதல் 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும். பிறகு ஈரம் துடைத்து, அமைதியான, கதகதப்பான இடத்தில் விட வேண்டும். வயிற்றை அழுத்தவோ உள்ளேயே முட்டையை உடைக்கவோ கூடாது. உடைந்த ஓடு முட்டைக்குழாயைக் கிழித்துவிடும். சில மணி நேரத்தில் முட்டை வராவிட்டால் கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் தொட்டுப் பார்த்தும் எக்ஸ்ரே எடுத்தும் உறுதி செய்வார்.

சிவந்த சதை வெளியே தள்ளியிருந்தால் உடனே தனியாகப் பிரியுங்கள். மற்ற கோழிகள் அதைக் கொத்திவிடும். சதை காயாமல் ஈரமாக வைத்து மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

வயிறு நீர்ப்பை போல வீங்கினால், மஞ்சள் கரு வயிற்றுக்குள் விழுந்து கிருமி பிடித்திருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். இதற்குக் கைவைத்தியம் உதவாது. மருந்து கொடுத்த கோழியின் முட்டையை எத்தனை நாள் உண்ணக்கூடாது என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் காடுகளில் வாழும் காட்டுக்கோழி ஆண்டுக்கு 10, 15 முட்டைதான் இடும். பண்ணை இனக் கோழிகளோ 300 வரை இடுகின்றன. மனிதன் தன் தேவைக்காக ஏற்றி வைத்த சுமை அது. கோழி தன் நோயை மறைக்கும் பிராணி. எனவே தினமும் தீனி வைக்கும்போது அதன் நடை, வால், எச்சம், வயிறு ஆகியவற்றை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.